நாலாம் நம்பர் இல்லாத ஐந்து பேர்: பதிலாளா, பங்கீடா?

ஹட்டன் பக்கம் ஒரு பாடசாலையில் பெண்கள் கூடைப்பந்து அணிக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வலயப் போட்டிக்கு 3 கிழமை இருக்கும்போது எங்கள் பொயின்ட் கார்ட், அதாவது பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற நாலாம் நம்பர், ரீபவுண்டுக்கு (கூடையில் பட்டுத் திரும்பும் பந்துக்கு) எழும்பி இன்னொரு பிள்ளையின் சப்பாத்தின் மேல் இறங்கினாள். சீமெந்துக் கோர்ட், தூறல் விட்டு அரை மணித்தியாலம்கூட ஆகியிருக்காது. பாதம் உள்பக்கம் மடங்கியது. சப்பாத்தைக் கழற்றுவதற்குள் வெளிக்கணுவில் முட்டை அளவுக்கு வீக்கம்.

எலும்புக்கு ஒன்றுமில்லை, தசைநார்தான். குறைந்தது ஒரு மாதம் விளையாடக் கூடாது என்றார் டொக்டர். ஆனால் அவள் வீடு, பஸ் நிற்கும் சந்தியிலிருந்து தேயிலைக்கு நடுவே படி ஏறிப் போகிற லயத்தில். குளிக்கப் பீலிக்குப் போனாலும் இறக்கம், திரும்பினால் ஏற்றம். சமதரையில் இருக்கிறவர்களின் ஒரு மாதக் கணக்கு அந்தக் காலுக்குப் பொருந்தாது. ஆகவே போட்டிக்கு அவள் இல்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

“இறுக்கிக் கட்டி இறக்கினால் என்ன?” என்று கேட்காத ஆள் இல்லை. அமெரிக்காவின் பெரிய கூடைப்பந்துத் தொடரான என்பிஏயின் 2019 இறுதித் தொடரில் கெவின் டுரான்ட் கெண்டைக்கால் காயத்தோடு ஒரு மாதம் வெளியே இருந்துவிட்டு, ஐந்தாவது போட்டியில் இறங்கினார். 12 நிமிடம் ஆடி 11 புள்ளி எடுத்தார். அதே போட்டியில் குதிகால் தசைநாண் அறுந்தது. அடுத்த சீசன் முழுவதும் அவர் ஆடவில்லை. உலகத்தின் சிறந்த வைத்தியர்கள் பக்கத்தில் இருந்தே அந்தக் கதி. எங்களிடம் இருந்தது ஒரு ஐஸ் பெட்டியும் இரண்டு கிரிப் பேண்டேஜும். அந்த யோசனையை அதோடு விட்டேன்.

மிஞ்சியது இரண்டு வழி. ஒன்று, அதே ஆட்டத்தை வைத்துக்கொண்டு அவள் இடத்தில் இன்னொருத்தியை நிறுத்துவது. மற்றது, அவள் செய்த வேலையைப் பிரித்து மூன்று பேருக்குக் கொடுத்து, ஆட்டத்தையே மாற்றுவது. நான் இரண்டையும் செய்து பார்த்தேன். இரண்டாவதன் பக்கம்தான் நிற்கிறேன்.

பதிலாள் வழியில் வசதி அதிகம். புதிதாக எதுவும் சொல்லிக்கொடுக்க வேண்டாம், மற்ற நாலு பேரும் பழகிய இடத்திலேயே நிற்பார்கள். காயம் ஒரு போட்டிக்கு மட்டும் என்றால், அல்லது பெஞ்சில் உண்மையிலேயே இரண்டாவது பொயின்ட் கார்ட் இருந்தால், நானும் இதைத்தான் செய்வேன். எங்களிடம் இருந்தவள் ஒன்பதாம் நம்பர். வேகமான பிள்ளை, கூடைக்குக் கிட்டே போனால் தவறவிடமாட்டாள். அவளை நாலாம் நம்பரின் இடத்தில் போட்டு ஒரு சிநேகபூர்வப் போட்டி ஆடினோம்.

எதிரணி முழுக் கோர்ட் பிரஸ் போட்டது, அதாவது எங்கள் பக்கத்துக்கே வந்து மறித்தது. எல்லாம் அங்கேதான் தீர்மானமானது. நட்சத்திரம் இல்லையென்றால் புள்ளி குறையும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். புள்ளி குறைந்தது பிறகு. முதலில் குறைந்தது பந்து. எங்கள் பக்கத்திலிருந்து நடுக்கோட்டைத் தாண்ட 8 விநாடிதான், தாண்டாவிட்டால் பந்து எதிரணிக்கு. நாலாம் நம்பர் இருந்தபோது இது எங்களுக்கு ஒரு பிரச்சினையாகவே தெரிந்ததில்லை. இரண்டு பேர் மறித்தாலும் இடுப்புக்குக் கீழே பந்தைத் தட்டிக்கொண்டு தோளால் வழி பிளந்து வந்துவிடுவாள். ஒன்பதாம் நம்பர் பந்தைப் பார்த்துக்கொண்டே தட்டுகிற பிள்ளை. தலை குனிந்தால் எதிரே வருகிறவளைத் தெரியாது. பக்கக் கோட்டு மூலையில் அடைத்துவிட்டார்கள். முதல் காற்பகுதியில் மட்டும் 6 தடவை பந்து பறிபோனது. அதில் நாலு, திரும்பி அப்படியே எங்கள் கூடைக்குள்.

டைம் அவுட்டில் அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்கவில்லை. சப்பாத்து நூலையே அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். “மிஸ், அக்கா மாதிரி எனக்கு வராது” என்றாள். தப்பு என்னுடையது. வேறொருத்தியின் காலுக்கு அளவெடுத்துத் தைத்த ஆட்டத்தை இவளுக்கு மாட்டிவிட்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து பிரித்தோம். அடிக்கோட்டில் இருந்து பந்தை உள்ளே போடுவது ஐந்தாம் நம்பர். வாங்குவதற்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், அதில் ஒருத்தி ஒன்பது. எங்கள் உயரமான ஏழாம் நம்பர், இதுவரை எதிரணிக் கூடைக்கடியில் காத்து நின்றவள், இப்போது நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இறங்கி வந்து கையை உயர்த்தி நிற்பாள். யாரையாவது இரண்டு பேர் மறித்தால் தட்டக் கூடாது. உடனே ஏழுக்கு எறிய வேண்டும், அவள் திரும்பி மறுபக்கத்தில் ஓடுகிறவளுக்கு. மூன்று எறிதலில் கோடு தாண்டிவிடலாம். இதற்குத் திறமையான கை வேண்டாம், நிற்கிற இடம் சரியாக இருந்தால் போதும். மழை நாட்களில் மண்டபத்துக் கதிரைகளை ஒதுக்கிவிட்டு, பந்து தரையில் படாமல் இதை மட்டுமே ஓடவைத்தேன்.

வலைப்பந்தில் இப்படிப் பிரிக்க முடியாது. அங்கே கோல் போட இரண்டு பேருக்குத்தான் அனுமதி. கூடைப்பந்தில் ஐந்து பேரும் கொண்டுபோகலாம், ஐந்து பேரும் எறியலாம்.

என்பிஏயின் பெரிய அணிகளிலும் இதே வித்தியாசத்தைப் பார்க்கலாம். 2018-19இல் டொரொண்டோவுக்கு அதன் நட்சத்திரம் கவாய் லெனார்ட் 22 போட்டி ஆடவில்லை. அதில் 17ஐ வென்றார்கள். 2023-24இல் பிலடெல்பியா, அதன் நட்சத்திரம் ஜோயல் எம்பீட் ஆடிய 39இல் 31ஐ வென்று, அவர் இல்லாத 43இல் 16ஐ மட்டும் வென்றது. லெனார்டின் லீவுகளில் பல முன்கூட்டியே திட்டமிட்டவை, பிலடெல்பியாவில் வேறு காயங்களும் இருந்தன. ஆகவே தராசில் வைத்துச் சமமாக நிறுக்க மாட்டேன். ஆனால் டொரொண்டோவில் பந்தைக் கொண்டுவரவும் ஆட்டத்தை நடத்தவும் கைல் லவ்ரி இருந்தார், சியாகம் இருந்தார். பிலடெல்பியாவின் ஆட்டம் எம்பீட்டின் கைக்குப் போய்த்தான் திறக்கும்.

1980 இறுதித் தொடரும் அப்படித்தான். லேக்கர்ஸ் அணியின் சென்டர் (கூடைக்கடியில் ஆடும் உயரமான ஆள்) கரீம் அப்துல் ஜபார் ஐந்தாவது போட்டியில் கணுக்காலைப் புரட்டிக்கொண்டு ஆறாவதுக்கு வரவில்லை. அதே அணியின் பொயின்ட் கார்ட், 20 வயது மெஜிக் ஜோன்சன், சென்டர் இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கி 42 புள்ளி எடுத்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதே இரவில் ஜமால் வில்க்ஸ் 37 எடுத்ததைச் சொல்கிறவர்கள் குறைவு. லேக்கர்ஸ் 123-107 என்று வென்று கிண்ணத்தைத் தூக்கியது.

பங்கீட்டுக்கும் விலை உண்டு. பழக நாள் வேண்டும். எங்களுக்கு 2 கிழமைக்கு மேல் பிடித்தது. ஏழாம் நம்பர் கீழே இறங்கி வருவதால் கூடைக்கடியில் ஆள் குறைந்து ரீபவுண்ட் போனது. கடைசி நிமிடத்தில் ஒரு புள்ளி வேண்டுமென்றால் யார் எறிவது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வலயத்தில் முதல் போட்டியை வென்று இரண்டாவதைத் தோற்றது அப்படித்தான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் பார்த்தது ஒரு பருவம், ஒரு அணி, இழந்தது பொயின்ட் கார்ட். உயரமான சென்டரை இழந்திருந்தால் இதே பக்கம் நின்றிருப்பேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. உயரத்தை மூன்று பேருக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லையே.

நாலாம் நம்பர் பத்தாவது கிழமைதான் திரும்பினாள். காயப்பட்ட காலால் மட்டும் நோவில்லாமல் 20 தடவை குதித்துக் காட்டிய பிறகுதான் பந்தைக் கொடுத்தேன். “மிஸ், பந்த நான் மேல எடுக்கவா, இல்ல தங்கச்சியே எடுக்கட்டுமா?” என்று கேட்டாள். ஒன்பதே எடுக்கட்டும் என்றேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. அன்றைக்கு நாலாவது காற்பகுதியில் வலது பக்கம் நின்று வாங்கி, அடுத்தடுத்து மூன்று கூடை போட்டாள். ஆட்டம் முடிந்து தண்ணீர்ப் போத்தலோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், “கடைசிப் பத்து நிமிசத்துல எப்பவும் கால் கனக்கும் மிஸ், இன்னைக்கு கனக்கல” என்றாள்.