வில்லிவாக்கம் மெக்கானிக்கும் எங்கள் ஜென் காரின் ஆயில் ஒழுகலும்

எங்களுடையது 1998 மாருதி ஜென், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர் வைத்த பழைய வகை வண்டி. அப்பா வாங்கியது, பத்து வருடமாக நான் ஓட்டுகிறேன். 2023-ல் 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தபோதே, இன்னும் ஐந்து வருடத்துக்கு இதை யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதனால் போன வருடம் ஆயில் ஒழுக ஆரம்பித்ததும் தள்ளிப்போடாமல் வொர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஒன்றுக்கு இரண்டு இடம் பார்த்தும் நிற்கவில்லை. கடைசியில் நிறுத்திக் கொடுத்தது வில்லிவாக்கத்தில் வேப்பமரத்தடியில் இருக்கிற, பெயர்ப்பலகைகூட இல்லாத ஒரு சின்னக் கடை.

வண்டி நிற்பது வாசல் கேட்டுக்கு உள்பக்கம். அம்மா கோலம் போடுகிற இடமும் அதுதான். காலையில் வண்டியை வெளியே எடுத்தால் தரையில் ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் கறுப்பாக ஒரு வட்டம் இருக்கும். எவ்வளவு சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாலும் அதன் மேல் கோலமாவு பிடிக்கவில்லை. டி.வி. வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்து அடியில் விரித்தேன். வாரத்துக்கு ஒரு அட்டை ஊறிப்போனது. மாதம் அரை லிட்டர் ஆயில் ஊற்ற வேண்டியிருந்தது.

முதலில் போன இடத்தில் டேப்பட் கவர், அதாவது இன்ஜினின் மேல்மூடி, அதன் பேக்கிங் போய்விட்டது என்றார்கள். புது பேக்கிங் போட்டு, சுற்றிலும் சிலிக்கான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்கி மூடினார்கள். மூன்றே வாரத்தில் பழையபடி வட்டம் விழுந்தது.

இரண்டாவது இடத்தில் வண்டியை லிஃப்டில் ஏற்றிக் காட்டினார்கள். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் ஆயில் சொட்டிக்கொண்டிருந்தது. "கிராங்க் பின்பக்க ஆயில் சீல் மேடம், கியர்பாக்ஸை இறக்கணும்" என்றார்கள். இன்ஜினின் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் வெளியே வருகிற இடத்தில் ஆயிலைத் தடுக்கிற ரப்பர் வளையம்தான் அந்த சீல். எப்படியும் இறக்கப் போகிறோமே என்று கிளட்ச் பிளேட்டையும் மாற்றினோம். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய். இருபதாம் நாள் அதே இடத்தில் அதே சொட்டு. திரும்பப் போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி, இப்படித்தான் இருக்கும். ஆயில் ஊத்தி ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டார்கள். பணம் போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு வலித்தது. வண்டியின் வயதைச் சொன்னார்களே தவிர, ஆயில் எங்கிருந்து வருகிறது என்று யாரும் தேடவில்லை.

எங்கள் பள்ளியில் வேலை பார்க்கும் ஒருவர் சொல்லித்தான் இந்தக் கடைக்குப் போனேன். மெக்கானிக்குக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நான் கொண்டுபோன பழைய பில்களைப் பொறுமையாகப் படித்தார். பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "எதையும் கழட்ட வேண்டாம்மா. முதல்ல கழுவணும். எல்லா இடமும் அழுக்கா இருந்தா எது புது ஆயில்னு எனக்கே தெரியாது" என்றார்.

கார்புரேட்டரையும், ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்து அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரையும் பிளாஸ்டிக் கவர் போட்டுக் கட்டிவிட்டு, டீசலும் பிரஷ்ஷுமாக ஒரு மணி நேரம் தேய்த்தார்கள். தண்ணீர் அடித்து, ஏர் பிடித்துக் காயவைத்தார்கள். அப்புறம் கடைப் பையனைப் பக்கத்து மளிகைக் கடைக்கு அனுப்பி ஒரு டப்பா முகப்பவுடர் வாங்கி வரச் சொன்னார். எதற்கு என்று எனக்குப் புரியவில்லை. டப்பாவை அமுக்கி அமுக்கி இன்ஜினின் பக்கவாட்டு முழுக்கப் பவுடரை ஊதினார். சாம்பல் நிற அலுமினியம் அப்படியே வெளுத்துப்போனது. "பத்து கிலோமீட்டர் ஓட்டுவோம்" என்று தானே பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். பாடி வழியாக அம்பத்தூர் எஸ்டேட் போய்த் திரும்பினோம்.

பானெட்டைத் திறந்தால், வெள்ளைத் துணியில் டீ சிந்தினது போல் விரல் அகலத்துக்கு ஒரு பழுப்புக் கோடு. டேப்பட் கவர் ஓரம் முழுக்கப் பவுடர் காய்ந்தே இருந்தது. கோடு ஆரம்பித்த இடம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு நேர் கீழே. அங்கிருந்து இன்ஜினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் முனையில் வழிந்து, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் இறங்கி, அடியில் போய்ச் சொட்டியிருக்கிறது. "சொட்டுற இடத்தைப் பாக்காதீங்கம்மா. நனைஞ்சதுலயே உச்சி எதுன்னு பாருங்க" என்றார்.

இந்த வண்டியில் டிஸ்ட்ரிபியூட்டர் சிலிண்டர் ஹெட்டின் கியர்பாக்ஸ் பக்க முனையில் படுக்கை வாட்டில் உட்கார்ந்திருக்கும். அதைச் சுழற்றுவது, இன்ஜின் வால்வுகளைத் திறந்து மூட வைக்கிற கேம் ஷாஃப்ட். உள்ளே இருக்கும் ஆயில் வெளியே வராமல் தடுப்பது ஒரே ஒரு ரப்பர் ஓ ரிங். அது போனால் ஆயில் வழிகிற பாதையும், பின்பக்க கிராங்க் சீல் போனால் சொட்டுகிற இடமும் கீழே ஒன்றாகிவிடும். இரண்டாவது இடத்தில் நடந்தது அதுதான்.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியையும் கழற்றிக் காட்டினார். உள்ளே ஆயில் இல்லை, அதனால் ஷாஃப்ட் சீல் நன்றாக இருக்கிறது, முழு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றத் தேவையில்லை என்றார். கழற்றுவதற்கு முன் அதன் விளிம்பிலும் ஹெட்டிலும் சேர்ந்தாற்போல் வெள்ளை பெயின்ட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டார். திரும்பப் பொருத்தும்போது கொஞ்சம் திரும்பினாலும் பிளக்கில் பொறி விழுகிற நேரம், அதாவது டைமிங், மாறி, இழுவை போய்விடுமாம்.

வெளியே வந்த ஓ ரிங்கை என் உள்ளங்கையில் வைத்தார். உருண்டையாக இருக்க வேண்டிய ரப்பர் பட்டையாகத் தேய்ந்து, பழைய பிளாஸ்டிக் வளையல் போல் இறுகியிருந்தது. நகத்தால் அழுத்தினால் தடம்கூட விழவில்லை. லேசாக வளைத்ததும் இரண்டாக ஒடிந்தது. இத்தனை வருட இன்ஜின் சூடு.

துண்டுகளோடு ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போய், அளவு பார்த்து வாங்கி வந்தேன். சாதா ரப்பர் வேண்டாம், சூடு தாங்குகிற வைட்டான் கேளுங்கள் என்று சொல்லி அனுப்பியிருந்தார். 45 ரூபாய். மறுநாள் போட்டுவிட்டு டைமிங் லைட் வைத்துச் சரிபார்த்தார். கையோடு, இன்ஜினுக்குள் சேருகிற புகையை இழுத்துவிடுகிற பி.சி.வி. வால்வையும் கழற்றிக் குலுக்கினார். கடகடவென்று ஆட வேண்டியது கசடு பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அது அடைத்தால் இன்ஜினுக்குள் பிரஷர் ஏறி, எந்த சீல் பலவீனமோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். பெட்ரோலில் ஊறவைத்து ஆட வைத்தார். கழுவிய கூலி உட்பட அவர் வாங்கியது 1,200 ரூபாய்.

குறைகளும் இருக்கின்றன. வேலை அதிகம், ஆள் இரண்டே பேர், நான் நான்கு நாள் காத்திருந்துதான் வண்டியை விட முடிந்தது. ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுப்பதுதான் பில். பெண்கள் காத்திருக்க வசதியே கிடையாது, ஒரு ஸ்டூலும் மர நிழலும்தான். அவர் இதையாவது கவனிக்க வேண்டும். புதிய மாடல் வண்டிகளை அவர் தொடுவதில்லை, வந்தவர்களைத் திருப்பி அனுப்பியதை நானே பார்த்தேன். கார்புரேட்டர் காலத்து ஜென், 800 வைத்திருப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு போகலாம்.

ஆறு மாதம் ஆகிறது, 4,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. அட்டையை எடுத்துவிட்டோம். டிப்ஸ்டிக்கில் ஆயில் அப்படியே நிற்கிறது. முன்பக்க கிராங்க் சீலில் மட்டும் லேசான ஈரம் இருக்கிறது. அதைக் காட்டியபோது, "இது கசிவு, சொட்டு இல்ல. டைமிங் பெல்ட் மாத்தறப்ப சேர்த்துப் போட்டுக்கலாம், இப்ப பிரிக்க வேண்டாம்" என்றார். பெல்ட் வேலையை தை மாதம் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.