பகுதிநேரமாகப் பழங்கட்டடப் பாதுகாப்பு: படித்தவரையில் என் அனுபவம்

வேலையை விடாமல், வார இறுதிகளில் பழங்கட்டடப் பாதுகாப்பும் மரபுக் கைத்தொழில்களும் சேர்ந்த படிப்பு ஒன்றைச் சில ஆண்டுகளாகப் படித்துவருகிறேன். சேர்ந்தபோது பலரும் கேட்டது ஒன்றுதான்: பகுதிநேரப் படிப்பு அரைகுறையாகத்தானே இருக்கும்? இவ்வளவு காலம் படித்த பிறகு எனக்குத் தோன்றுவது நேர்மாறானது. இந்தப் பாடத்துக்குப் பகுதிநேரம்தான் பொருந்துகிறது. சுண்ணாம்பு இறுக நாளாகும். விரிசல் தன் போக்கைக் காட்ட நாளாகும். கை பழகவும் நாளாகும். எதையும் அவசரப்படுத்த முடியாது.

சுண்ணாம்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். தூய கல் 100 கிலோவில் 56 கிலோதான் மிஞ்சும். அதில் நீர் விட்டால் கொதித்துப் பொங்கி நீறும். (கண்ணுக்குக் கவசம் இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது, தெறித்தால் பார்வை போய்விடலாம்.) சுவரில் பூசிய பின், இழந்த வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல வாங்கிக்கொண்டு மறுபடி கல்லாகிறது. பாடநூலில் இது அரைப் பக்கம்.

பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தோம். சாந்தைச் சிறு கட்டைகளாக வார்த்து வைத்து, அவ்வப்போது ஒன்றை உடைத்து, உடைந்த முகத்தில், காரத்தன்மை இருந்தால் நிறம் மாறும் பினாப்தலீன் கரைசலைத் தெளிப்போம். கல்லாகிவிட்ட பகுதியில் நிறம் ஏறாது; இன்னும் சுண்ணாம்பாகவே இருக்கும் பகுதி பளிச்சென்று இளஞ்சிவப்பாகும். முதலில் உடைத்த கட்டை ஏறக்குறைய முழுவதும் சிவந்தது. மாதங்கள் செல்லச் செல்ல ஓரத்து வெளிர் விளிம்பு உள்நோக்கி நகர்ந்து, சிவப்பு நடுவில் ஒடுங்கியது. வேகமாக உலரவிட்ட கட்டைகளில் அந்த விளிம்பு மெல்லியதாகவே நின்றது. வாயு கரைந்து வினைபுரிய ஓரளவு ஈரம் வேண்டும் என்பதால் அப்படி. புதுப் பூச்சின் மேல் ஈரச் சாக்கைத் தொங்கவிடும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குக் கிடைத்ததில்லை. சில வாரங்களில் முடிந்துவிடும் படிப்பாக இருந்தால் இவற்றைப் படத்தில்தான் பார்த்திருப்போம்.

விரிசலுக்கும் இது பொருந்தும். பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட பழைய சுவர் ஒன்றில், விரிசலின் இருபுறமும் அளவுகோல் பதித்துத் தொடர்ந்து குறித்துவருகிறோம். ஒரு பருவத்தில் விரிகிறது, அடுத்த பருவத்தில் மூடிக்கொள்கிறது. ஓர் ஆண்டாவது பார்க்காமல் அந்தச் சுவர் சரிந்துவருகிறதா, வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் ஏற்ப அசைகிறதா என்று சொல்ல முடியாது. அது தெரியாமல் மருந்து கொடுக்கவும் கூடாது.

கைவேலைப் பாடங்களில் நான் அதிகம் கற்றது செங்கல் இணைப்புகளில் பிறகு வந்தவர்கள் அடைத்த சிமென்ட்டை எடுக்கும் வேலையில். சிமென்ட் அந்தப் பழைய செங்கல்லைவிடக் கடினமானது; ஈரத்தையும் எளிதில் வெளியே விடாது. அதனால் சுவரின் ஈரம் செங்கல் வழியாக வெளியேறுகிறது. உப்பும் அங்கேயே படிகமாகி, செங்கல்லின் முகத்தை ஏடு ஏடாக உரித்துவிடுகிறது. சிமென்ட் வரி மட்டும் புடைத்து நிற்கும். மெல்லிய உளியை இணைப்பின் நடுவில் வைத்து, விளிம்பு உடையாமல், சிறு தட்டலாகத் தட்டித்தான் எடுக்க வேண்டும். ஒரு நாள் முழுக்கத் தட்டினாலும் கொஞ்சம்தான் நகரும். எங்களோடு படிக்கும் கொத்தனார் ஒருவர் பூச்சை விரல் முட்டியால் தட்டி, ஓசையைக் கேட்டே எங்கே அது சுவரை விட்டுக் கழன்றிருக்கிறது என்று சுண்ணக்கட்டியால் வட்டமிட்டுக் காட்டுவார். கட்டடக்கலைஞர்கள் அவரிடம் அதைக் கற்றார்கள்; அவர் அவர்களிடம் அளவு வரைபடம் கற்றார். இந்தக் கலவையான வகுப்புதான் படிப்பின் பெரிய பலம் என்பேன்.

கோட்பாட்டுப் பாடங்கள் சலிப்பூட்டும் என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பழங்கட்டடப் பாதுகாப்புக்கான பன்னாட்டு நெறிமுறையான 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்டமைப்பு நின்றுவிட வேண்டும் என்கிறது. உளியைக் கையில் பிடித்த பிறகு அந்த வரியின் கனம் வேறு. ஏதென்ஸின் மலைக்கோட்டையான அக்ரோபோலிஸில் பழங்கால கிரேக்கர்கள் கற்களைப் பிணைக்கும் இரும்புப் பற்றுக்கம்பிகளைச் சுற்றி ஈயம் வார்த்திருந்தார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த சீரமைப்பிலோ அந்த ஈயக் காப்பு இல்லாமல் இரும்பைப் பதித்தார்கள். அது துருப்பிடித்துப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. பின்னால் வந்தவர்கள் அவற்றை எடுத்துவிட்டு டைட்டானியம் வைக்க வேண்டியதாயிற்று. பழைய கைமுறையின் காரணத்தை அறியாமல் அதில் கைவைக்கக்கூடாது என்பதற்கு இந்த ஓர் எடுத்துக்காட்டே போதும்.

குறைகளும் உண்டு. மர இணைப்புகளுக்கு ஒதுக்கிய நேரம் மிகக் குறைவு. பொருத்துகளின் பெயர் தெரியும் அளவுக்கு அவற்றைச் செய்யும் கை வரவில்லை. கட்டமைப்புக் கணக்குகள் பொறியியல் படித்தவர்களை மனத்தில் வைத்தே நடத்தப்பட்டன. செய்முறை வகுப்புகள் தள்ளிப்போனபோது ஈடு தரவில்லை. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம். வாரம் முழுக்க உழைத்த உடம்போடு சாரத்தில் ஏறுவதும் எளிதல்ல. வகுப்புகளுக்கு இடையே கரணையைத் தொடாமல் இருந்தால் மணிக்கட்டு மறந்துவிடும். அதனால் வீட்டில் ஒரு பழைய பலகையில் பூசிப் பூசிச் சுரண்டி எடுத்துப் பழகுகிறேன்.

சேர நினைப்பவர்கள் பாடத்திட்டத்தின் அழகை மட்டும் பார்க்க வேண்டாம். மொத்த நேரத்தில் எவ்வளவு கைவேலை, கற்றுத்தருபவர்கள் இன்றும் களத்தில் வேலை செய்பவர்களா, சுண்ணாம்பை மாணவர்களே நீற்றுகிறார்களா, உண்மையான கட்டடம் ஒன்றைப் படிப்பு முடியும்வரை தொடர்ந்து கவனிக்கவிடுகிறார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால், மற்றவற்றில் சிறு குறை இருந்தாலும் நான் சேர்வேன். செய்முறை வகுப்பு ரத்தானால் மாற்று நாள் உண்டா என்பதை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.