'இன்'னா, 'ஆஃப்'பா? ஆய்வுக் கட்டுரை எழுதுபவர்களுக்கு ஒரு பிரிபொசிஷன் அலசல்

ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுதும்போது, பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் 'இன்', 'ஆஃப்', 'ஃபார்' போன்ற பிரிபொசிஷன் இரண்டு விதமாகக் காலை வாரும். போட்டதே தவறு என்றால் பரவாயில்லை, இலக்கணம் பார்க்கும் மென்பொருள் கோடு போட்டுக் காட்டிவிடும். இரண்டுமே இலக்கணப்படி சரி, ஆனால் பொருள் வேறு என்கிற இடத்தில்தான் ஆபத்து. அங்கே மென்பொருள் பெரும்பாலும் வாயே திறக்காது.

'ரிடக்‌ஷன்' நல்ல உதாரணம். 'ரிடக்‌ஷன் இன் கார்பன் டை ஆக்சைடு' என்றால் அதன் அளவு குறைந்தது என்று பொருள். 'ரிடக்‌ஷன் ஆஃப் கார்பன் டை ஆக்சைடு' என்று வேதியியல் இதழுக்கு எழுதி அனுப்பினால், எலக்ட்ரான் கொடுத்து அதைக் கார்பன் மோனாக்சைடாகவோ மெத்தனாலாகவோ மாற்றிவிட்டீர்கள் என்றுதான் வாசிப்பார்கள். ஒடுக்க வினைக்கு அங்கே அதுதான் பெயர். வேறு துறைகளில் இவ்வளவு விபரீதம் இல்லை. பொதுவாக 'ஆஃப்' வந்தால் யாரோ குறைத்தார்கள் என்ற செயல் தெரியும், 'இன்' வந்தால் குறைந்தது என்ற விளைவு தெரியும்.

'சேஞ்ச்' என்ற சொல்லும் இப்படித்தான். வெப்பநிலை 20-லிருந்து 30 டிகிரி ஆனால் 'சேஞ்ச் இன் டெம்பரேச்சர்'. பனிக்கட்டி நீரானால் 'சேஞ்ச் ஆஃப் ஸ்டேட்', ஒரு நிலை போய் இன்னொரு நிலை வந்துவிட்டது.

எண் வரும்போது கணக்கு மாறும். எது கூடியது என்பதற்கு 'இன்', எவ்வளவு கூடியது என்பதற்கு 'ஆஃப்'. இரண்டும் ஒரே வாக்கியத்தில் சண்டையில்லாமல் உட்காரும்: 'ஆன் இன்கிரீஸ் இன் டெம்பரேச்சர் ஆஃப் 5 டிகிரீஸ்'. 'இன்கிரீஸ் ஆஃப் டெம்பரேச்சர்' பழைய கட்டுரைகளில் தென்படும். நான் அதைத் தொடமாட்டேன். 'டிஃபரன்ஸ்' இன்னும் ஒரு படி மேல்: யாருக்கிடையில் என்றால் 'பிட்வீன்', எதில் என்றால் 'இன்', எவ்வளவு என்றால் 'ஆஃப்'.

'எவிடன்ஸ் ஆஃப்', 'எவிடன்ஸ் ஃபார்' இரண்டில், தடயம் கண்ணில் பட்டது என்றால் முதலாவது, ஒரு கருதுகோளுக்கு ஆதரவு என்றால் இரண்டாவது. பேச்சில் எல்லை கலங்கும். ஆனால் துகள் இயற்பியலில் 'எவிடன்ஸ் ஃபார்' என்று தலைப்பு வைக்க 3 சிக்மா (முடிவு எவ்வளவு உறுதி என்பதற்கான புள்ளியியல் அளவு) வேண்டும், 'அப்சர்வேஷன் ஆஃப்' என்று வைக்க 5 சிக்மா வேண்டும் என்பது மரபு. 2012-ல் செர்ன் ஆய்வுக்கூடத்தின் அட்லஸ் குழு வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு 'அப்சர்வேஷன் ஆஃப் எ நியூ பார்ட்டிக்கிள் இன் த சர்ச் ஃபார்...' என்று போகும். 'சர்ச்' பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஃபார்' என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். 'இன் சர்ச் ஆஃப்' தனி மரபுத்தொடர், அதில் 'த' வராது.

தமிழ் வேற்றுமை உருபை நம்பலாமா? பாதி நம்பலாம். சிக்கலுக்குத் தீர்வு, மருந்துக்கு எதிர்ப்பு என்ற 'கு' அழகாக 'சொல்யூஷன் டு', 'ரெசிஸ்டன்ஸ் டு' என்று கொண்டுபோய் விடும். அதே 'கு' நோய்க்குக் காரணம் என்னும்போது கைவிட்டுவிடும்: 'காஸ்' என்றால் 'ஆஃப்', 'ரீசன்' என்றால் 'ஃபார்'. நமக்கு இரண்டும் காரணம்தான், அதனால்தான் 'ரீசன் ஆஃப்' என்று கை தானாகப் போகிறது.

பெயர்ச்சொல்லின் வால் வினைச்சொல்லிலும் ஒட்டிக்கொள்வது நம் ஊரில் அதிகம் பார்க்கும் பிழை. 'டிஸ்கஷன் அபவுட்', 'எம்ஃபசிஸ் ஆன்', 'ரிக்வெஸ்ட் ஃபார்' எல்லாம் சரி. 'டிஸ்கஸ்', 'எம்ஃபசைஸ்', 'ரிக்வெஸ்ட்' என்று வினையாக்கியதும் அந்த வாலை வெட்டிவிட வேண்டும்.

சந்தேகம் தீராவிட்டால் கூகுள் ஸ்காலரில் இரண்டு தொடர்களையும் மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடுங்கள். எண்ணிக்கையை விடுங்கள், உங்கள் துறை இதழ்களில் வந்த சில வாக்கியங்களைப் படியுங்கள். 'ரெசிஸ்டன்ஸ் ஆஃப்' என்று தேடினால் பாக்டீரியாவின் மருந்து எதிர்ப்போடு மின்கம்பியின் மின்தடையும் சேர்ந்து வரும்.

மண்டையை உடைத்துக்கொள்ளத் தேவையில்லாத இடங்களும் உண்டு. 'ரிசர்ச்' என்றால் தலைப்புக்கு 'ஆன்', துறைக்கு 'இன்'. 'இன்டு' பிரிட்டிஷ் வாடை, அதுவும் சரிதான். 'கோரிலேஷன்' என்றால் 'பிட்வீன்... அண்ட்' அல்லது 'ஆஃப்... வித்', எது வேண்டுமானாலும் போடலாம். 'பிட்வீன்... வித்' என்று இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும்.