ஜெம் கிளிப்பா, டெஸ்டரா, மல்டிமீட்டரா, மாற்று எஸ்எம்பிஎஸ்ஸா? ஆன் ஆகாத சிபியுவை எதை வைத்துச் சோதிப்பது

மச்சானிடமிருந்து போன் வந்தது காலை எட்டரைக்கு. "மாப்ள, சிஸ்டம் ஆன் ஆவ மாட்டேங்கு. ராத்திரி நல்லாத்தான் இருந்துச்சு. ஹால் டிக்கெட் எடுக்க அஞ்சாறு புள்ளைய வந்து நிக்கு." அவருடையது ஜெராக்ஸ், பிரிண்ட், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் பார்க்கும் சின்னக் கடை. நான் போய்ச் சேர்வதற்குள் ஒரு மெக்கானிக் வந்து பார்த்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: எஸ்எம்பிஎஸ் (சிபியுவின் பாகங்களுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் பெட்டி) நன்றாக இருக்கிறது, போர்டு (மதர்போர்டு) போய்விட்டது. எதை வைத்துச் சொன்னாராம்? ஒரு ஜெம் கிளிப்பை வளைத்துப் பச்சை வயரிலும் கறுப்பு வயரிலும் செருகியிருக்கிறார். எஸ்எம்பிஎஸ் ஃபேன் ஓடியிருக்கிறது. அவ்வளவுதான்.

போர்டு போகவே இல்லை. அதற்குப் பிறகு வரலாம். திடீரென்று உயிர் வராமல் போன டெஸ்க்டாப்பைச் சோதிக்க நம் கையில் இருக்கும் நான்கு வழிகளை எதிரெதிரே நிறுத்திப் பார்க்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் தோன்றியது. நால்வரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதுபோலத் தெரியும். உண்மையில் ஆளுக்கொரு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள்.

முதலில் ஒரு பிரிவினை. ஃபேன் ஓடுகிறது, விளக்கு எரிகிறது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றால் அது 'நோ டிஸ்ப்ளே'. ரேமைக் கழற்றி அழிரப்பரால் தேய்த்து மாட்டுவது, பிராசசருக்குப் போகும் 4 பின் அல்லது 8 பின் வயர் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்ப்பது எல்லாம் அந்த வியாதிக்கான வைத்தியம். நான் பேசுவது பட்டனை அழுத்தினால் ஒரு சலனமும் இல்லாத சிபியுவைப் பற்றி. அதற்கு ரேமைத் தேய்த்துக்கொண்டிருந்தால் அழிரப்பர்தான் தேயும்.

இன்னொன்று, சிபியுவைத் திறப்பதற்கு முன் சுவரைப் பாருங்கள். மானிட்டர் எரிகிறதா? பெரும்பாலான மானிட்டர்களுக்கும் சிபியுவுக்கும் ஒரே வகை பவர் கேபிள்தான். இரண்டையும் மாற்றிச் செருகினால் கேபிள், பிளக் பாயின்ட் இரண்டும் ஒரே வீச்சில் தெரிந்துவிடும். பின்பக்கம் உள்ள சின்ன சுவிட்சைப் பெருக்குபவர் தட்டிவிட்டிருக்கலாம். பழைய எஸ்எம்பிஎஸ்ஸில் 115, 230 என்று ஒரு சிவப்புச் சுவிட்ச் இருக்கும். அதை எந்தப் பிள்ளையாவது 115 பக்கம் தள்ளியிருந்தால், நம் 230 வோல்ட் உள்ளே போன நொடியிலேயே 'டப்' என்று சத்தம் வந்திருக்கும். சோதனைக்கே அவசியமில்லை. இதெல்லாம் சரி என்றால் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, மறுபடி செருகிப் பாருங்கள். மின்சாரம் எகிறும்போது எஸ்எம்பிஎஸ் தன்னைத்தானே பூட்டிக்கொள்வது உண்டு. அந்தப் பூட்டு இதில் திறந்துவிடும்.

இனி நால்வர்.

ஜெம் கிளிப்

1995இல் இன்டெல் கொண்டுவந்த ஏடிஎக்ஸ் என்ற டெஸ்க்டாப் அமைப்பில் சிபியுவின் பட்டன் நேராக மின்சாரத்தைத் திறப்பதில்லை. பட்டன் போர்டிடம் சொல்லும். போர்டு பச்சை வயரைத் தரைக்கு (கறுப்பு வயரின் பூஜ்ய வோல்டேஜுக்கு) இழுக்கும். அதைப் பார்த்து எஸ்எம்பிஎஸ் விழிக்கும். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை 16ஆவது பின், அதன் இரு பக்கமும் கறுப்பு. போர்டிலிருந்து எல்லா வயரையும் கழற்றிவிட்டுப் பச்சையையும் கறுப்பையும் ஜெம் கிளிப்பால் இணைத்தால், போர்டு செய்யவேண்டிய வேலையைக் கிளிப் செய்கிறது. செலவு இல்லை, ஒரு நிமிட வேலை. அதனால்தான் இவ்வளவு பிரபலம்.

ஆனால் அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: கூப்பிட்டால் எழுந்து உட்காருகிறதா? எழுந்தவனால் மூட்டை தூக்க முடியுமா என்று அது கேட்பதே இல்லை. 12 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 10.8 வந்தாலும் ஃபேன் சுற்றும். எதிர்ப்பக்கமும் ஏமாற்றும். விலை கூடிய சில எஸ்எம்பிஎஸ்களில் சூடு ஏறும்வரை ஃபேன் ஓடாது. கிளிப்பைப் போட்டு, ஃபேன் சுற்றவில்லை என்று நல்ல பொருளைக் குப்பையில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். டெல், எச்பி, லெனோவா கம்பெனி டெஸ்க்டாப்களில் பலவற்றில் இப்போது 24 பின்னே கிடையாது. 12 வோல்ட் மட்டும் தரும் தனி ரகக் கனெக்டர். அங்கே பச்சையைத் தேடிக் கண்ட இடத்தில் கம்பியைச் செருகுவது வினையை விலைக்கு வாங்குவது.

ஃபேன் ஓடாவிட்டால் கிளிப்பின் சொல்லுக்கு ஓரளவு மதிப்பு உண்டு. ஓடினால் எதுவும் நிரூபணமாகவில்லை. மெக்கானிக் சறுக்கியது இந்த இடத்தில்தான்.

எஸ்எம்பிஎஸ் டெஸ்டர்

நம் ஊரில் டெஸ்டர் என்றால் நியான் விளக்கு வைத்த ஸ்குரூடிரைவர். அதை இதோடு குழப்பவேண்டாம். (அந்த டெஸ்டரைச் சிபியு பெட்டியில் வைத்தால் விளக்கு எரிகிறதே என்று பயப்படுகிறவர்களுக்கு: அது பெரும்பாலும் வீட்டில் எர்த் இல்லை என்பதற்கான அடையாளம். எஸ்எம்பிஎஸ் கெட்டதற்கான அடையாளம் அல்ல. எர்த்தைச் சரி செய்யுங்கள்.)

எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் என்பது உள்ளங்கை அகலப் பெட்டி. 24 பின்னைச் செருகினால் ஒவ்வொரு வோல்டேஜையும் சின்னத் திரையில் காட்டும். பிஜி என்று மில்லி செகண்டில் ஓர் எண்ணும் வரும். வோல்டேஜ் எல்லாம் நிலைக்கு வந்தபின் 'இனி தொடங்கலாம்' என்று எஸ்எம்பிஎஸ் அனுப்பும் சைகைக்கு எவ்வளவு நேரம் ஆயிற்று என்ற கணக்கு அது. 100க்கும் 500க்கும் இடையில் இருக்கவேண்டும். கிளிப்பைவிட எவ்வளவோ மேல். கை தவறிப் பக்கத்து வயரைத் தொடும் பயமும் இல்லை. ஆனால் இதுவும் எஸ்எம்பிஎஸ்ஸைத் தனியாகப் பிரித்து, ஏறக்குறைய சுமையே இல்லாமல்தான் கேள்வி கேட்கிறது. ஒரு நாளைக்கு நாலு மெஷின் பார்க்கும் கடைக்காரருக்கு இது லாபம். வீட்டில் ஒரே ஒரு சிபியு வைத்திருப்பவர் இதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை.

மல்டிமீட்டர்

என் ஓட்டு இதற்குத்தான். அதற்குக் காரணம், எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றாமல், போர்டோடு பேசிக்கொண்டிருக்கும்போதே ஒட்டுக்கேட்க இதால் மட்டும்தான் முடியும். எலக்ட்ரிக்கல் கடையில் இருநூறு, முந்நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும். 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பெட்டியின் வர்ணம் பூசாத உலோகத்தில். சிவப்பு முனையை 24 பின்னின் முதுகுப் பக்கம், வயர் நுழையும் இடுக்கில் மெல்லச் செருகவேண்டும். ஒரே முனை இரண்டு வயரைத் தொடக்கூடாது. அவ்வளவு எச்சரிக்கை போதும்.

மூன்று வயர்கள், இந்த வரிசையில்.

ஊதா: சிபியு 'ஆஃப்' ஆக இருக்கும்போதும் இதில் 5 வோல்ட் இருக்கவேண்டும். 4.75க்கும் 5.25க்கும் நடுவில். போர்டு விழித்திருந்து பட்டனுக்குக் காது கொடுப்பது இந்த ஊதாவின் தயவில்தான். இது இல்லை அல்லது நோஞ்சானாக இருக்கிறது என்றால், நீங்கள் பட்டனை எத்தனை முறை அமுக்கினாலும் கேட்பதற்கு அங்கே ஆளில்லை. போர்டில் ஒரு சின்ன விளக்கு எரிவதைப் பார்த்து 'கரண்ட் வருகிறது' என்று விட்டுவிடாதீர்கள். அந்த விளக்கு எரிய 5 வோல்ட் முழுதாகத் தேவையில்லை.

பச்சை: சும்மா இருக்கையில் 3 முதல் 5 வோல்ட்வரை காட்டும். பட்டனை அழுத்தியதும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் விழவேண்டும். விழவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ்ஸிடம் யாரும் எதுவும் சொல்லவேயில்லை என்று பொருள். குற்றவாளி பட்டன் அல்லது போர்டு. பட்டனின் மெல்லிய வயரைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, அந்த இரண்டு முள்ளையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு நொடி தொடுங்கள். எழுந்துவிட்டால் கெட்டது பட்டன். ரீசெட் பட்டனின் வயரை அங்கே மாட்டிவிட்டு வேலையைப் பார்க்கலாம். செலவு பூஜ்யம்.

பச்சை விழுந்தும் மஞ்சளில் 12 வோல்ட் வரவில்லை என்றால் எஸ்எம்பிஎஸ் செத்திருக்கவேண்டும், அல்லது எங்கோ ஷார்ட் ஆகி அது பயந்து பின்வாங்கியிருக்கவேண்டும். ஃபேன் கால் சுற்றுச் சுற்றி நின்றால் பின்னதுதான் என்று சந்தேகப்படுவேன். கிராபிக்ஸ் கார்டு, ஹார்டு டிஸ்க், முன்பக்க யுஎஸ்பி என்று ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே போய், எது கழன்றதும் உயிர் வருகிறது என்று பார்க்கவேண்டியதுதான்.

சாம்பல்: மேலே சொன்ன பிஜி சைகை. எஸ்எம்பிஎஸ் எழுந்தபின் இதில் 5 வோல்ட் வராவிட்டால் போர்டு காத்துக்கொண்டே இருக்கும், தொடங்காது.

மச்சான் சிபியுவில் ஊதாவைத் தொட்டதுமே கதை முடிந்துவிட்டது. போர்டோடு சேர்ந்திருக்கும்போது 3.8. கழற்றிவிட்டுப் பார்த்தால் 4.9. சுமை இல்லாதபோது நல்ல பிள்ளை, சுமை ஏறியதும் மயக்கம். ஊதாவைத் தரும் பகுதி மற்றவைபோல ஓய்வெடுப்பதில்லை. பிளக்கில் கரண்ட் இருக்கும் வரை, வருடக்கணக்கில், இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாகங்கள்) முதலில் காய்வதில் ஆச்சரியமில்லை. கிளிப் போட்டுச் சோதித்தபோது போர்டு கழன்றிருந்தது. ஃபேன் ஜோராக ஓடியது. டெஸ்டர் வைத்திருந்தாலும் 4.9 காட்டி 'பாஸ்' போட்டிருக்கும்.

மீட்டருக்கும் கண் தெரியாத இடம் உண்டு. 12 வோல்ட் 12.1 என்று அழகாக நிற்கும். அதன் மேல் நொடிக்குப் பல்லாயிரம் முறை துடிக்கும் அலைச்சல் மீட்டரில் தெரியாது. ஆன் ஆகிப் பாதியில் ரீஸ்டார்ட் ஆகும் வியாதிக்கு அதுவும் ஒரு காரணம். அதைப் பார்க்க, மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப் வேண்டும்.

மாற்று எஸ்எம்பிஎஸ்

'வேறொன்றைப் போட்டுப் பார்' என்பது சர்வீஸ்காரர்களின் பழைய சூத்திரம். நால்வரில் இறுதித் தீர்ப்பு சொல்ல அதிகாரம் உள்ளது இதுதான். ஏன் என்று சொல்லாது. ஆம், இல்லை என்று மட்டும் சொல்லும். மீட்டர் சொன்னதை உறுதிசெய்ய நானும் வீட்டில் கிடந்த பழைய சிபியுவிலிருந்து ஒன்றைக் கழற்றி மாட்டினேன். பத்து மணிக்குள் ஹால் டிக்கெட் வெளியே வந்தது.

இரண்டு எச்சரிக்கை. நல்ல எஸ்எம்பிஎஸ்ஸைக் கெட்ட மெஷினுக்குக் கொண்டுவாருங்கள். சந்தேகத்துக்குரியதை நல்ல மெஷினில் மாட்டிச் சோதிக்காதீர்கள். அது போகிறபோக்கில் நண்பனின் போர்டையும் கூட்டிக்கொண்டு போகலாம். அடுத்தது, கேபிள் கழற்றி மாட்டும் மாடுலர் வகை என்றால், பெட்டியோடு அதன் கேபிள்களையும் சேர்த்தே மாற்றவேண்டும். பழைய கேபிள் அப்படியே இருக்கட்டும் என்று சோம்பல் பட்டால் ஹார்டு டிஸ்க் எரியும். எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்டேஜ் என்பதற்குப் பொது விதி கிடையாது. பிராண்டுக்குப் பிராண்டு மாறும், ஒரே பிராண்டுக்குள்ளும் மாறும். ஆனால் துளை பொருந்தும், அதுதான் ஆபத்து.

ரிப்பேரா, லோக்கலா, பிராண்டா

கெட்டது எஸ்எம்பிஎஸ்தான் என்று ஆனபின் அடுத்த பேரம். மச்சான் கேட்டார், "கெப்பாசிட்டர் மட்டும் மாத்தினா போதும்லா?" போதும். ஆனால் வீட்டில் செய்யாதீர்கள். 230 வோல்ட் ஏசி உள்ளே டிசியாக மாறும்போது சுமார் 325 வோல்ட். பிஎஃப்சி (மின்சாரத்தைச் சீராக இழுக்கவைக்கும் சுற்று) உள்ளவற்றில் 400ஐ நெருங்கும். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் பெரிய கெப்பாசிட்டரில் அது தங்கியிருக்கும். தெரிந்த கைக்காரர் இருந்து, எஸ்எம்பிஎஸ்ஸும் நல்ல தரமானதாக இருந்தால் ரிப்பேர் சரி. அறுநூறு ரூபாய்ப் பொருளுக்கு அது வீண்.

லோக்கல் எஸ்எம்பிஎஸ் மீது கொட்டை எழுத்தில் 450 வாட் என்று இருக்கும். அதைப் படிக்காதீர்கள். லேபிளில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 14 ஆம்பியர் என்றால் 168 வாட்தான், மேலே என்ன எழுதியிருந்தாலும். கிராபிக்ஸ் கார்டு இல்லாத, டைப்பிங்கும் பிரிண்ட்டும் மட்டும் பார்க்கும் மெஷினுக்கு அதுவும் ஓடும் என்பதை மறுக்கமாட்டேன். எரியும்போது தனியாக எரியுமா, போர்டையும் சேர்த்துக்கொள்ளுமா என்பதுதான் வித்தியாசம். 80 பிளஸ் முத்திரை என்பது 20, 50, 100 சதவீதச் சுமைகளில் குறைந்தது 80 சதவீதத் திறன் என்ற சான்று. பாதுகாப்புக்கான சான்று அல்ல. ஆனாலும் அந்தச் சோதனையில் தேற உள்ளே ஓரளவு உருப்படியான பாகங்கள் இருந்தாக வேண்டும்.

மச்சான் இரண்டு நாள் யோசித்து, 80 பிளஸ் போட்ட ஒன்றை ஏறக்குறைய மூவாயிரத்துக்கு வாங்கினார். போர்டு மாற்ற அந்த மெக்கானிக் சொன்ன தொகையில் பாதிகூட இல்லை. பழையது என் அலமாரியில் கிடக்கிறது, மேலே மார்க்கரால் 'ஊதா 3.8' என்று எழுதி.