கேரிஓவருக்கு டெமிஸ்டரை மாற்றச் சொல்கிறார்களா? கையெழுத்துப் போடும் முன் இதைப் படியுங்கள்

அமீன் அப்சார்பரின் (அமீன் கரைசலால் வாயுவைக் கழுவி அமில வாயுக்களை நீக்கும் கோபுரம்) உச்சியிலிருந்து வாயுவோடு திரவமும் கிளம்பிப் போகிறது (இதுதான் கேரிஓவர்), துளிகளைப் பிடிக்கும் டெமிஸ்டரை மாற்றினால் சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் கொஞ்சம் பொறுங்கள். எங்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். நம்பிக் கையெழுத்துப் போட்டோம். இரண்டு ஷட்டவுனும், பல மாத அமீன் இழப்பும் தான் மிச்சம்.

எங்கள் அப்சார்பர் 40 பார் அழுத்தத்தில் ஓடுகிறது. உச்சியில் கம்பி வலை டெமிஸ்டர், அதற்கு அடுத்து, தப்பி வரும் திரவத்தைப் பிடிக்க ஒரு நாக்-அவுட் டிரம். அந்த டிரம்மில் திடீர் திடீரென்று அமீன் ஏறத் தொடங்கியது. சில நாள் ஒன்றும் இருக்காது. சில நாள் ஒரே ஷிஃப்டில் மூன்று தடவை வடிக்க வேண்டியிருந்தது. எங்கள் மூத்த ஆபரேட்டர் ஒருவர் முதல் வாரத்திலேயே சொன்னார்: "சார், ராத்திரி ஷிஃப்ட்டுலதான் அதிகமா வருது, கவனிச்சீங்களா?" ஆய்வுக்கு வந்த நிறுவனத்திடம் இதை அப்படியே சொன்னேன். குறித்துக்கொள்ளக்கூட இல்லை.

அவர்கள் கேட்டது டேட்டா ஷீட் மட்டும்தான். அப்சார்பரின் அடிக்கும் உச்சிக்கும் அழுத்த வேறுபாடு எவ்வளவு, அது ஆடுகிறதா, அமீன் சாம்பிள் எடுத்துப் பார்த்தீர்களா என்று எதுவும் கேட்கவில்லை. இரண்டு வாரத்தில் வண்ண வண்ணப் படங்களோடு ஓர் அறிக்கை வந்தது. "வலை போதாது, வேன் பேக் போட வேண்டும்." வேன் பேக் என்பது துளிகளைப் பிடிக்கும் வளைந்த தகடுகளின் அடுக்கு.

அந்தக் கணக்கை நான் அன்றைக்கே போட்டுப் பார்த்திருக்க வேண்டும். வலை எவ்வளவு வாயு வேகம் வரை தாங்கும் என்று சொல்லும் சூடர்ஸ்-பிரவுன் சூத்திரம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கம்பி வலைக்கு அந்தச் சூத்திரத்தில் வரும் கே மதிப்பை வழக்கமாக விநாடிக்கு 0.107 மீட்டர் என்று எடுப்பார்கள். அழுத்தம் கூடினால் அதைக் குறைக்க வேண்டும். 40 பாரில் 0.09 அளவுக்கு வரும். அமீன் என்றால் அதையும் 0.6 முதல் 0.8 வரையான எண்ணால் பெருக்க வேண்டும். எங்கள் வாயுவின் அடர்த்தி கன மீட்டருக்கு 32 கிலோ, அமீனுக்கு 1,010 கிலோ. மிகக் கடுமையான 0.6-ஐ எடுத்தால்கூட விநாடிக்கு 0.3 மீட்டர் வேகம் வரை அந்த வலை தாங்கும். எங்கள் அப்சார்பரில் வாயு ஓடும் வேகம் 0.26 தான். அவர்கள் கணக்கில் 0.34 இருந்தது. டேட்டா ஷீட்டில் உள்ள உச்சபட்ச ஓட்டத்தை எடுத்திருக்கிறார்கள். அந்த அளவை நாங்கள் ஒரு நாள்கூட ஓட்டியதில்லை.

ஷட்டவுன் எடுத்து வலையைக் கழற்றினார்கள். அந்த வேலை பற்றிய அறிக்கையில் "அரித்துக் கிழிந்த டெமிஸ்டர்" என்று ஒரு புகைப்படம் சேர்த்திருந்தார்கள். பிறகு நிதானமாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அது எங்கள் டெமிஸ்டரே இல்லை. படத்தில் வலையின் துண்டுகள் போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருந்தன. எங்களுடையது கம்பியால் கட்டியது. எங்கள் வலை யார்டில் ஓர் ஓரமாகக் கிடந்தது. கையால் அழுத்தினேன், ஸ்பிரிங் போல எழும்பியது. ஒரு கம்பியை உருவி வளைத்துப் பார்த்தேன், உடையவில்லை. அந்த இடத்தில் நின்றபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

வேன் பேக் போட்டு பிளான்டைத் திரும்ப ஓட்டினோம். முன்பு விட்டு விட்டு வந்த கேரிஓவர் இப்போது விடாமல் வந்தது. இந்த வித்தியாசத்தை எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று நினைக்கிறேன். ஓட்டம் மாறாமல் இருக்கும்போது இரவும் பகலும் ஒரே சீராகத் திரவம் வந்தால், உள்ளே ஏதோ ஒன்று தவறாகப் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அலை அலையாக வந்து போனால் நுரையைச் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது ஷட்டவுனில் மேன்ஹோலைத் திறந்து நானே டார்ச்சோடு உள்ளே போனேன். வேன் பேக்கில் பிடிபடும் திரவம் ஒரு குழாய் வழியாகக் கீழே உள்ள முதல் ட்ரேக்கு (வாயுவும் அமீனும் கலக்கும் தட்டு) இறங்க வேண்டும். அந்தக் குழாயின் அடிமுனை ஒரு சீல் கப்பில் உள்ள திரவத்துக்குள் மூழ்கியிருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த டிராயிங்கில் கப் இருக்கிறது. அப்சார்பருக்குள் கப் இல்லை. குழாயின் வாய் ட்ரேக்கு மேலே ஒரு சாண் உயரத்தில் அந்தரத்தில் திறந்து கிடந்தது. கீழிருந்து வாயு அந்தக் குழாய்க்குள்ளேயே ஏறி, இறங்க வேண்டிய திரவத்தை மேலே தள்ளிக்கொண்டு போயிருக்கிறது. மேன்ஹோலை மூடும் முன் எடுத்த புகைப்படங்களைக் கேட்டோம். ஒன்றும் இல்லை என்றார்கள்.

சரி, கப்பைப் போட்டோம். சீராக வந்தது நின்றது. பழைய அலை திரும்பியது, அதுவும் ராத்திரியில்தான். அப்புறம்தான் அந்த ஆபரேட்டர் அண்ணன் சொன்னது உறைத்தது. வெப்பநிலைப் பதிவுகளின் டிரெண்டை எடுத்துப் பார்த்தேன். அப்சார்பருக்குள் வரும் வாயு எப்போதும் 33 டிகிரி. ஏர் கூலரிலிருந்து வரும் லீன் அமீன் (சுத்திகரித்துத் திரும்ப அனுப்பும் அமீன்) பகலில் 40, நள்ளிரவுக்குமேல் 31. லீன் அமீன் எப்போதும் வாயுவைவிட 5 டிகிரியாவது சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த அமீன் பட்டால் வாயுவில் உள்ள கனமான ஹைட்ரோகார்பன் திரவமாகி அமீனோடு கலக்கும், கலந்தால் நுரைக்கும். அந்த நேரங்களில் அப்சார்பரின் அழுத்த வேறுபாடும் எகிறி எகிறி ஆடியிருக்கிறது.

அன்று இரவே ஒரு சாம்பிள் பாட்டிலில் பாதி அளவுக்கு அமீன் பிடித்து, மூடி குலுக்கினோம். நல்ல அமீன் என்றால் நுரை சில விநாடிகளில் அமுங்கிவிடும். எங்கள் பாட்டிலில் ஒரு நிமிடம் கழித்தும் சோப்பு நுரை மாதிரி நின்றது. பாட்டிலைச் சாய்த்தால் மேலே பழுப்பு நிறத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம். நுரையை அடக்கும் ஆன்டிஃபோம் கொஞ்சமாகச் செலுத்தினோம் (அளவு மீறினால் அதுவே நுரையைக் கூட்டும்), ஒரு மணி நேரத்துக்குள் அழுத்த வேறுபாடு அடங்கியது, டிரம்மில் மட்டம் ஏறுவதும் நின்றது. ராத்திரியில் கூலர் ஃபேன் ஒன்றை நிறுத்தி அமீனை 39 டிகிரியில் வைத்தோம், அப்சார்பரிலிருந்து வரும் அமீனின் அழுத்தத்தைக் குறைக்கும் ஃப்ளாஷ் டிரம்மில் மிதந்த எண்ணெயை வடித்தோம், கார்பன் ஃபில்டரை மாற்றினோம். பிளான்டை நிறுத்தாமலே செய்த வேலைகள் இவை.

பாட்டிலைக் குலுக்கிப் பார்க்காமல், உங்கள் உண்மையான ஓட்டத்தைக் கேட்காமல் உள்ளுறுப்பை மாற்றச் சொல்பவர்களை உள்ளே விடாதீர்கள். நுரையா, ட்ரே பெயர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் தீராவிட்டால் வெளியிலிருந்தே கதிர் செலுத்திப் பார்க்கும் காமா ஸ்கேன் எடுக்கலாம், அதற்கும் அப்சார்பரைத் திறக்க வேண்டியதில்லை. உத்தரவாதத்தின் வாசகத்தையும் பாருங்கள். எங்களுக்கு எழுதித் தந்தது "10 மைக்ரானுக்கு மேற்பட்ட துளிகளில் 99.9 சதவீதம் பிடிபடும்" என்பது. ஓடும் அப்சார்பருக்குள் அதை யார் அளப்பது? பத்து லட்சம் கன மீட்டர் வாயுவுக்கு இத்தனை லிட்டருக்கு மேல் போகக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். 13 லிட்டர் என்பது பரவலாகப் பயன்படும் அளவு. அதை டிரம்மில் வடித்தே கணக்குப் பார்த்துவிடலாம்.

மீதித் தொகையை நிறுத்தி வைத்திருக்கிறோம். அந்தப் புகைப்படம் எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் கேட்டிருக்கிறோம், இன்னும் பதில் இல்லை. பழைய வலையை தார்ப்பாயில் சுற்றி ஸ்டோரில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.