வயலட்டா, ஸ்ட்ரெப்பா, க்ளாக்ஸினியாவா, எபிசியாவா? ஒரே ஜன்னலில் நான்கு தொட்டிகள்

ஒரே ஜன்னல் திட்டில் நான்கு பூச்செடித் தொட்டிகள் வைத்தேன்: ஆப்பிரிக்க வயலட், ஸ்ட்ரெப்டோகார்பஸ், க்ளாக்ஸினியா, எபிசியா. ஒரே மண்கலவை, ஒரே வெளிச்சம், ஒரே குவளையிலிருந்து தண்ணீர். இரண்டு வருஷத்தில் ஒன்று பூத்துக் குலுங்கியது. ஒன்று கொடி விட்டுப் பக்கத்துத் தொட்டிக்குள் இறங்கியது. ஒன்று அழுகிப்போனது. இன்னொன்று செத்துவிட்டது என்று நினைத்துக் குப்பைத்தொட்டி வரை கொண்டுபோய், கடைசி நிமிஷத்தில் விரலால் கிளறிப் பார்த்துவிட்டுத் திரும்ப எடுத்து வந்தேன். இத்தனைக்கும் நான்கும் கெஸ்னீரியேசியே என்ற ஒரே தாவரக் குடும்பம்.

வீட்டுக்குள் வளர்க்க இதில் எது சுலபம் என்று கேட்டால், நான் திருப்பி இரண்டு கேள்வி கேட்பேன். தண்ணீர் ஊற்றுவதில் நீங்கள் எந்த ரகம்: பார்க்கும்போதெல்லாம் கை குவளைக்குப் போகுமா, பத்து நாள் மறந்துபோகுமா? வீட்டுக்குள் வெப்பம் எவ்வளவு ஏறும்? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்தால் பாதி முடிவு ஆகிவிடும். பூவின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

ஆப்பிரிக்க வயலட்

பெயரில் வயலட் இருந்தாலும் நிஜ வயலட்டுக்கும் இதற்கும் உறவு கிடையாது. 1892இல் ஜெர்மானியர் ஆட்சியில் இருந்த கிழக்கு ஆப்பிரிக்காவின் உசம்பரா மலைகளில் வால்டர் வான் செயின்ட் பால்-இல்லேர் என்ற அதிகாரியின் கண்ணில் இது பட்டது. இன்று அந்த மலைகள் தான்சானியாவில் இருக்கின்றன. அவர் விதைகளை ஜெர்மனியிலிருந்த தன் அப்பாவுக்கு அனுப்ப, 1893இல் ஹெர்மன் வெண்ட்லாண்ட் என்ற தாவரவியலாளர் செயின்ட்பாலியா என்று பெயர் வைத்தார்.

அந்த மலையில் இது வளர்வது மரநிழலில், பாசி படிந்த பாறை இடுக்கில். இரண்டு கை மண்கூட இல்லாத இடம். அதனால் வேர் ஆழமாகப் போகாது, மேலாகவே படரும். இது தெரியாமல் என் முதல் வயலட்டை, "நன்றாக வளரட்டும்" என்று தாராள மனசோடு பெரிய தொட்டியில் வைத்தேன். வேர் எட்டாத மண்ணெல்லாம் ஈரம் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மூன்றாவது வாரம் இலைகள் தொய்ந்தன. தண்ணீர் போதவில்லை என்று மேலும் ஊற்றினேன். ஒருநாள் லேசாகத் தொட்டதும் நடுக்குருத்து முழுசாகக் கையோடு வந்துவிட்டது, அடியில் ஈரக் காகிதம் மாதிரி பழுப்பாக. தொட்டியின் வாய் செடியின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் போதும் என்பது பிறகுதான் தெரிந்தது. 24 செ.மீ. விரிந்த செடிக்கு 8 செ.மீ. தொட்டி. பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும்.

இலையில் தண்ணீரே படக்கூடாது என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது பாதி உண்மை. வெதுவெதுப்பாக இருக்கும் இலையில் குளிர்ந்த நீர் பட்டால் உள்ளேயிருக்கும் செல்கள் சிதைந்து, வெளிறிய வளையங்களாகத் தழும்பு விழும், அது ஆறாது. அறையின் சூட்டில் இருக்கும் தண்ணீர் என்றால் இலையைக் கழுவித் தூசி போக்கலாம். குருத்தில் தேங்குவதை மட்டும் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

வெளிச்சம் போதுமா என்பதைச் செடியே சொல்லும். இலைக்காம்புகள் நீண்டு மேல்நோக்கித் தூக்கினால் வெளிச்சம் குறைவு. நடு இலைகள் நெருங்கிச் சுருங்கி வெளிறினால் அதிகம். தட்டு மாதிரி படுத்திருந்தால் சரி. கிழக்குப் பார்த்த ஜன்னல் நல்லது, உச்சி வெயில் ஆகாது. ஜன்னலே இல்லாவிட்டாலும் குடி முழுகிவிடாது. ஓர் எல்இடி குழல்விளக்கை ஓரடி உயரத்தில் மாட்டி, தினம் 12 முதல் 14 மணி நேரம் எரியவிட்டால் வருஷத்தில் பெரும்பகுதி பூக்கும். ராத்திரி எட்டு மணி நேரமாவது இருட்டு வேண்டும்.

ஸ்ட்ரெப்டோகார்பஸ்

வளர்ப்பவர்கள் செல்லமாக ஸ்ட்ரெப் என்பார்கள். தென்னாப்பிரிக்காவின் காட்டுச் சரிவுகளிலிருந்து வந்தது. நீள நீளமான இலைகள், மெல்லிய காம்பின் நுனியில் எக்காளம் மாதிரி பூ. வயலட்டின் பூக்கள் இலைகளின் நடுவே பூங்கொத்தாக உட்கார்ந்திருந்தால், ஸ்ட்ரெப்பின் பூக்கள் இலைக்கு மேலே காற்றில் ஆடும். அழகுப் போட்டி என்றால் என் ஓட்டு இதற்குத்தான்.

இங்கே ஒரு வேடிக்கை. 2015இல் தாவரவியலாளர்கள் செயின்ட்பாலியா என்ற தனிப் பேரினத்தையே எடுத்துவிட்டு, ஆப்பிரிக்க வயலட்டை ஸ்ட்ரெப்டோகார்பஸுக்குள் சேர்த்துவிட்டார்கள். ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்றால் முறுக்கிய காய். வயலட்டின் காயில் அந்த முறுக்கு இல்லை. முறுக்கில்லாத காயோடு முறுக்குக்காய்க் குடும்பத்தில் வாக்கப்பட்டிருக்கிறது.

பங்காளிகள்தான், ஆனாலும் குணம் வேறு. வயலட் 18 முதல் 26 டிகிரி செல்சியஸ் வரை நிம்மதியாக இருக்கும், அதற்கு மேலும் ஓரளவு தாக்குப்பிடிக்கும். ஸ்ட்ரெப்புக்கு 15 முதல் 22 வரைதான் சுகம். 27ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் மொட்டு நின்றுபோகும், இலை துவளும். வெயில் காலத்தில் வீட்டுக்குள்ளும் முப்பது தாண்டும் என்றால் ஸ்ட்ரெப்பை ஆசைக்கு ஒன்று வைத்துப் பார்க்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

தண்ணீர் விஷயத்திலும் வித்தியாசம் இருக்கிறது. காய்ந்துபோன ஸ்ட்ரெப் ஈரத்துணி மாதிரி தொட்டி விளிம்பில் தொங்கும். தண்ணீர் கொடுத்தால் சில மணி நேரத்தில் நிமிர்ந்துவிடும். ஒன்றிரண்டு நாள் மறந்தால் வயலட்டைவிட இது எளிதாக மன்னிக்கும். ஆனால் வேர் அழுகினாலும் இதே மாதிரிதான் தொங்கும், அங்கேதான் ஆபத்து. தொங்குகிற செடியைப் பார்த்ததும் குவளையை எடுக்காதீர்கள்; முதலில் தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தால் அழுகல், தண்ணீர் ஊற்றினால் கதை முடிந்தது. என் நான்கு தொட்டிகளில் அழுகியது இதுதான். வயலட்டிடம் பட்ட அடியை இங்கே மறந்துவிட்டேன்.

இன்னொன்று: ஸ்ட்ரெப்பின் பழைய இலைகள் நுனியிலிருந்து காய்ந்து பழுப்பாகும். நோய் என்று பதற வேண்டாம், அதன் இயல்பே அப்படித்தான். காய்ந்த பகுதியைக் கத்தரித்துவிட்டால் மிச்ச இலை பாட்டுக்கு வேலை செய்யும்.

க்ளாக்ஸினியா

குப்பைக்குப் போகவிருந்தது இதுதான். கடையில் க்ளாக்ஸினியா என்று விற்பதன் சரியான பெயர் சின்னிஞ்சியா ஸ்பெஸியோஸா. பிரேசில்காரச் செடி, அடியில் கிழங்கு வைக்கும். கை அகலத்துக்கு வெல்வெட் இலை, மணி போன்ற பெரிய பூ. முதலில் இதன் பூக்கள் தலை கவிழ்ந்துதான் இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஸ்காட்லாந்தில் ஒரு தோட்டத்தில் நிமிர்ந்த பூவோடு ஒரு நாற்று வந்தது. இன்று நாம் பார்க்கும் பெரும்பாலானவை அந்த நிமிர்ந்த வடிவம்தான்.

பூத்து முடித்ததும் இலைகள் மஞ்சளாகி, வாடி, உதிர்ந்துவிடும். மண்ணுக்கு மேல் ஒன்றுமே இருக்காது. ஆரம்பத்தில் நம் கைப் பிசகு என்றுதான் தோன்றும். எனக்கும் தோன்றியது. கொட்டப் போகும்போது விரலில் உருண்டையாக, கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. கிழங்கு உறங்கிக்கொண்டிருந்தது. கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது, பிசுபிசுவென்று அமுங்கினால் போயிற்று. உறங்கும் சமயத்தில் மண் முழுக்கக் காய்ந்து கிழங்கு சுருங்காத அளவுக்கு மட்டும் எப்போதாவது கொஞ்சம் ஈரம் காட்டினால் போதும். சில வாரத்திலும் எழும், சில மாதமும் ஆகும். அது அதன் இஷ்டம்.

மறதிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான செடி இந்தக் குடும்பத்தில் கிடையாது, வருஷத்தில் பல மாதம் வெறும் தொட்டியைப் பார்க்கப் பொறுமை இருந்தால். எப்போதும் பூ வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் குட்டிச் சின்னிஞ்சியா பூசில்லா மட்டும் விதிவிலக்கு. கண்ணாடிப் புட்டிக்குள் வைத்தால் மாறி மாறிப் பூத்துக்கொண்டேயிருக்கும்.

எபிசியா

இதை இலைக்காக வாங்குங்கள், பூ வந்தால் லாபம். செம்புநிறத்திலும் வெள்ளிநிறத்திலும் நரம்போடிய இலைகள், நடுவே சின்னதாகச் சிவப்புப் பூ. வெப்பமும் காற்றில் ஈரமும் எவ்வளவு இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும். 15 டிகிரிக்குக் கீழே போனால் மட்டும் இலை கறுத்துவிடும். ஸ்ட்ரெப் திணறுகிற வீட்டில் எபிசியா கும்மாளமிடும்; எபிசியா நடுங்குகிற வீட்டில் ஸ்ட்ரெப் பூக்கும். இரண்டும் ஒரே அறையில் நன்றாக இருக்கின்றன என்று யாராவது சொன்னால் அந்த அறையை நேரில் பார்க்க ஆசை.

பூக்கவில்லை என்றால் ஓடுதண்டுகளை, அதாவது பக்கவாட்டில் ஓடும் கொடிகளை, வெட்டிவிடுங்கள். சக்தியெல்லாம் கொடி விடுவதிலேயே போய்விடும்.

பெருக்குவது

இந்தக் குடும்பத்தைப் பிடித்துக்கொண்டவர்கள் விடாமல் வளர்ப்பதற்குக் காரணமே இதுதான். வயலட்டில் ஓர் இலையைக் காம்போடு எடுத்து, காம்பை இரண்டு மூன்று செ.மீ. விட்டுச் சாய்வாக வெட்டி, ஈரமான கலவையில் ஊன்றி, மேலே ஒளி ஊடுருவும் டப்பாவைக் கவிழ்த்தால் இரண்டு மாதத்தில் அடியில் காதுமடல் மாதிரி குட்டி இலைகள் எட்டிப் பார்க்கும். இதழில் கோடு போட்ட கைமீரா ரகங்களில் (ஒரே செடியில் இருவகை மரபணுச் செல்கள் கலந்திருப்பவை) மட்டும் இந்த வித்தை பலிக்காது. இலையிலிருந்து வரும் கன்றில் அந்தக் கோடு அநேகமாக வராது. பக்கக்கன்றைப் பிரித்துத்தான் வைக்க வேண்டும்.

ஸ்ட்ரெப்பில் இன்னும் தமாஷ். இலையை நீளவாக்கில் கீறி, நடுநரம்பை எடுத்துவிட்டு, இரண்டு பாதியையும் வெட்டுப்பக்கம் மண்ணில் இருக்கும்படி வேலி மாதிரி நட்டு வைத்தால் ஒவ்வொரு நரம்பின் அடியிலும் ஒரு கன்று வரும். ஓர் இலையில் இருபதுகூட எண்ணலாம். பிறகு அவற்றை யார் தலையில் கட்டுவது என்பதுதான் கவலை. க்ளாக்ஸினியா இலை முதலில் காம்படியில் குட்டிக் கிழங்கு கட்டும். அந்த இலை வாடினாலும் தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். எபிசியாவுக்கு நாம் செய்ய ஒன்றுமில்லை, ஓடுதண்டின் நுனி பக்கத்துத் தொட்டியைத் தொட்டால் போதும்.

மண், திரி, பூச்சி

நான்குக்கும் தோட்டத்து மண் ஆகாது. தேங்காய்நார்த் தூளோ பீட்டோ (சதுப்புநிலத்தில் மட்கிய பாசி) பாதி, பெர்லைட் (பொரிந்த எரிமலைக் கல்லின் வெள்ளைத் துகள்) பாதி என்று கலந்தால் போதும். நார்த்தூளை நன்றாக அலசி உப்பைப் போக்கிவிட்டுச் சேருங்கள்.

கை சும்மா இருக்காதவர்களுக்கு ஒரே மருந்து திரி முறை. தொட்டியின் அடித்துளை வழியாக ஒரு நைலான் நூலை விட்டு, கீழே மூடிபோட்ட டப்பாவில் தண்ணீர் வைத்துவிட்டால் செடி தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்ளும். பருத்தி நூல் சீக்கிரம் மட்கிவிடும். வயலட் இதற்கென்றே பிறந்தது போல நடந்துகொள்கிறது. ஸ்ட்ரெப்புக்குப் பெர்லைட்டைக் கூட்ட வேண்டும். உறங்கும் க்ளாக்ஸினியாவுக்குத் திரியை மறக்காமல் உருவிவிடுங்கள்.

பூச்சியில் வித்தியாசம் பெரிதாக இல்லை. நீல இதழின்மேல் மஞ்சள் தூள் சிந்தியிருந்தால் இலைப்பேன் மகரந்தப் பைகளைக் கிழித்திருக்கிறது. எல்லாப் பூவையும் கிள்ளி எறியுங்கள். வயலட்டின் நடுக்குருத்து இறுகி, சாம்பல் பூத்து, முடி அடர்ந்து தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன் புகுந்திருக்கும். அந்தச் செடியை நான் காப்பாற்ற முயல்வதில்லை, தூக்கிப் போட்டுவிடுவேன். புதிதாக வாங்கியது எதுவானாலும் ஒரு மாதம் வேறு அறையில்.

என் முடிவு

ஒரே ஒரு தொட்டிதான் வைக்க முடியும் என்றால் வயலட், அதுவும் திரியோடு. வீடு எப்போதும் குளுகுளுவென்று இருந்தால் மட்டும் ஸ்ட்ரெப் அதை முந்தும். வெக்கையும் புழுக்கமும் உள்ள வீட்டுக்கு எபிசியாவும் வயலட்டும் சேர்ந்து. க்ளாக்ஸினியாவை முதல் செடியாக யாருக்கும் சொல்ல மாட்டேன், மூன்றாவதாக வாங்கச் சொல்வேன்.

என்னுடையது இப்போது மறுபடி உறக்கத்தில் இருக்கிறது, அலமாரியின் கீழ்த்தட்டில். வீட்டில் யாரும் கொட்டிவிடக் கூடாதென்று தொட்டியில் "உள்ளே ஆள் இருக்கிறது" என்று சீட்டு ஒட்டியிருக்கிறேன்.