வேதாளரா, இரும்புக்கை மாயாவியா?

மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகளில் தமிழ் காமிக்ஸ் கண்ணில் பட்டால், என் கை முதலில் தேடுவது இரும்புக்கை மாயாவியைத்தான். சித்தப்பா வேதாளர் (ஆங்கிலத்தில் ஃபேன்டம்) கட்சி. வெள்ளவத்தை வீட்டில் இந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

வயதில் மூத்தவர் வேதாளர். லீ ஃபாக் உருவாக்கி, 1936இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் தொடங்கியவர். அதீத சக்தி எதுவும் கிடையாது. முகமூடி, மண்டையோட்டு மோதிரம், ஓநாய், குதிரை, அவ்வளவுதான். தகப்பனுக்குப் பின் மகன் அதே உடுப்பைப் போட்டுக்கொள்வதால் ஊர் அவரைச் சாகாதவர் என்று நம்புகிறது. நாம் படிப்பது 21ஆவது ஆளின் கதை. கெட்டிக்கார ஏற்பாடு, ஆள் கிழவனாவதே இல்லை! ஆனால் ஆபிரிக்கக் காட்டு மக்கள் ஒரு வெள்ளைக்காரரைக் காவல் தெய்வம்போல் கொண்டாடுவது இன்று உறுத்துகிறது. அதைச் சொன்னால் சித்தப்பா பேச்சை மாற்றிவிடுவார்.

மாயாவி 1962இல் ஒரு பிரிட்டிஷ் வார இதழில் பிறந்தவர். 1972இல் முத்து காமிக்ஸ் என்ற தமிழ் காமிக்ஸ் இதழ் தொடங்கியதே அவரை வைத்துத்தான். மின்சாரம் பாய்ந்தால் உடல் மறையும், இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். முழுதாக மறைய முடியாத அந்தக் குறைதான் எனக்குப் பிடித்தது. போதாததற்கு, முதல் கதையில் அவர் நல்லவரே அல்ல.

சரி, பரம்பரைக் கதை வேண்டுமென்றால் வேதாளர், திகில் வேண்டுமென்றால் மாயாவி. வேதாளரை மட்டும் சித்தப்பாவிடம் இரவல் கேட்காதீர்கள், தரமாட்டார்.